சிறிதரனின் முழங்கால்

எங்கள் பக்கத்து வீட்டில் அழைப்புமணி இருந்தது. அதை அழுத்தினால் யாரும் வரமாட்டார்கள். 1991-இல் கல்யாணமான கையோடு திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்து லிட்கமில் குடியேறிய முதல் வாரம், மரியாதைக்கு ஒரு டப்பா ரவா லட்டுடன் போய் நான் அந்த மணியை அழுத்தினேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. என்ன திமிர் பிடித்த ஜனமோ என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து லட்டை நானே தின்றேன்.

மறுநாள் அந்த வீட்டு ராஜகுமாரி அக்கா வேலியோரம் வந்தார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை. எங்கடை வீட்டுக்கு வாறதெண்டால் பக்கத்துக் கேற்றாலை வந்து, குசினிக்குக் கிட்ட நிண்டு உங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. முன்கதவு நாங்கள் திறக்கிறேல்லை."

"ஏன் அக்கா, பூட்டு ரிப்பேரா?"

"பூட்டு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

காரணம் தெரிய எனக்கு இரண்டு மூன்று வருடங்கள் ஆயின. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அக்காதான் சொன்னார். 1983 ஜூலையில் அவர்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார்கள். கலவரம் தொடங்கியதும் அக்காவும் நாலு வயது மகன் சிறிதரனும் பக்கத்துச் சிங்கள வீட்டின் பின்னறையில் ஒளிந்துகொண்டார்கள். அக்காவின் கணவர் ராஜரத்தினமும் அவருடைய தம்பி ஈஸ்வரமூர்த்தியும் வீட்டைக் காக்க உள்ளேயே இருந்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே ராணுவச் சீருடையில் ஒருவன். அப்பாடா, காவலுக்கு ஆள் வந்துவிட்டது என்று ராஜரத்தினம் கதவைத் திறந்தார். சீருடைக்காரன் ஓர் அடி விலகி நின்றான். அவனுக்குப் பின்னால் நின்ற கும்பல் உள்ளே பாய்ந்தது. ஈஸ்வரமூர்த்தியை வாசற்படியிலேயே வெட்டினார்கள். விழுந்தவர்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். ராஜரத்தினம் பற்றி எரியும் சட்டையோடு பின்மதிலில் ஏறினார். மதில் மேலிருந்து திரும்பிப் பார்த்தபோது, சீருடைக்காரன் இடுப்புப் பட்டியில் கைவைத்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"கதவைத் திறந்தது நான்தானே எண்டு இண்டைக்கும் சொல்லுவார்," என்றார் அக்கா.

அதற்குள் நான் பக்கத்துக் கேட்டில், அவர்கள் குசினி என்கிற சமையலறைக்கு வெளியே நின்று, "அக்கா, நான்தான், கிரிஜா!" என்று கத்தப் பழகிக்கொண்டேன். தபால்காரரைத் தவிர எல்லோரும் பழகிக்கொண்டார்கள். சிறிதரனின் பள்ளிக்கூட சிநேகிதர்கள்கூட, தலைமுடி பழுப்பும் செம்பட்டையுமாக இருந்த பையன்கள், குசினிப் பக்கம் நின்று தங்கள் பெயரைக் கூவுவார்கள்.

இந்தச் சிறிதரனைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒல்லிப் பையன், ஓட்டக்காரன். ஓட்டக்காரன் ஆனதுகூட அடிவாங்கித்தான். பதினான்கு வயதில் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் நாலு தடியன்கள் பிடித்து, ஷூவைக் கழற்றிக்கொண்டு, காதில் ரத்தம் வரும்வரை உதைத்து அனுப்பினார்கள். பஞ்சு வைத்தது நான். அவனுடைய அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "திருப்பி அடிக்காதை. ஓடு." அன்றிலிருந்து ஓடினான். தெருவைச் சுற்றி, ரூக்வுட் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஓடினான். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் குத்துச்சண்டைக் கிளப்பிலும் சேர்ந்துகொண்டான். அந்தப் படிக்கட்டுத் தடியன்களில் ஒருவனுக்கு அடுத்த வருடம் முன்பல் போயிற்று. எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

1999-இல் கிழக்குத் திமோர் பற்றி எரிந்தது. ஆஸ்திரேலிய ராணுவம் போய் இறங்கியதைத் தொலைக்காட்சியில் இரவும் பகலும் காட்டினார்கள். ஒரு வீட்டு வாசலில் சிப்பாய் ஒருவன் தெருவைப் பார்த்து நிற்க, அவன் முதுகுக்குப் பின்னால், கதவிடுக்கில், ஒரு பெண்ணும் குழந்தையும் எட்டிப் பார்க்கும் காட்சி வந்தது. என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சிறிதரன் எழுந்து நின்றுவிட்டான்.

"அன்ரி, பாத்தீங்களே? அவன் கதவுக்கு முன்னாலை நிக்கிறான். வெளியிலை பாத்துக்கொண்டு நிக்கிறான்."

2001-இல் அவன் ராணுவத்தில் சேர்ந்தான். ராஜரத்தினம் அண்ணா கத்தவில்லை, அடிக்கவில்லை. மகனோடு பேசுவதை நிறுத்தினார். வாகா வாகா ராணுவ முகாமில் பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த நாளில் அக்காவை அழைத்துப்போக நான் காரைக் கிளப்பி வைத்திருந்தேன். அண்ணா வந்து காருக்கு முன்னால் நின்றார். அக்கா இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹார்னை அழுத்திப் பிடித்தேன். அதற்கும் அவர் அசையவில்லை.

அணிவகுப்புக்கு யாரும் வராத பிள்ளை, விடுப்பு கிடைத்ததும் ரயிலேறி வீட்டுக்கு வந்தான். குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், விறைப்பான சீருடை, ஒரு பக்கம் மடித்த தொப்பி. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துச் சிரித்தான். அம்மா அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்கப் போகிறானாம். அந்த வீட்டில் வளர்ந்தவன், சின்ன வயதிலிருந்து குசினிப் பக்கம் நின்று பெயர் சொல்லியே உள்ளே போனவன், அன்றைக்கு நேரே முன்கதவுக்குப் போனான். பெயர் சொல்லவில்லை. கதவைத் தட்டினான்.

நான் துணியைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடுவதற்குள் கதவு திறந்தது. பத்து வருடங்களில் அந்தக் கதவு திறந்து அன்றுதான் பார்த்தேன். முதல் சத்தம் மந்தமாகக் கேட்டது. பிறகு, "அப்பா, நான்! அப்பா!" என்று அவன் குரல். பிறகு இரண்டாவது சத்தம். எலும்பு உடையும் சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அது அதுதான் என்று தெரிந்துவிட்டது. அவன் அலறியதில் எதிர் வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

போய்ப் பார்த்தால் ஹாலில் விழுந்து கிடந்தான். தோளைப் பிடிப்பதா காலைப் பிடிப்பதா என்று தெரியாமல் துடித்துக்கொண்டிருந்தான். வலது முழங்காலில் சில்லு இருக்கவேண்டிய இடம் பள்ளமாகி, துணி ரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பி குடைகள் வைக்கும் மூலையில் கிடந்தது. ராஜரத்தினம் அண்ணா கிரிக்கெட் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். சிறிதரனின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அவரே வாங்கிக் கொடுத்த மட்டை. நான் அதைப் பிடுங்கினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது.

"மனுஷனா நீங்க? பெத்த பிள்ளையை இப்படி அடிச்சிருக்கீங்களே!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

காரில் பின்சீட்டில் அக்காவின் மடியில் தலைவைத்துக் கிடந்தவன், பல்லைக் கடித்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

"கூரையிலை ஏறி மழைத்தண்ணிப் பீலிக்குள்ளை கிடந்த இலை அள்ளேக்கை விழுந்திட்டன். எல்லாரும் அதைத்தான் சொல்லோணும். அப்பா ஆளைத் தெரியாமல் அடிச்சிட்டார். இருட்டு. அவருக்குத் தெரியாது. பொலிசுக்குப் போனால் அவரை உள்ளை போட்டிடுவாங்கள்."

அணிவகுப்புச் சீருடையில் எவனாவது இலை அள்ளக் கூரைக்கு ஏறுவானா? வலியில் அவனுக்கு அது தோன்றவில்லை. பயத்தில் எங்களுக்கும் தோன்றவில்லை. அவசர சிகிச்சையில் நர்ஸ் அந்தக் கால்சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். சொன்ன கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார். மருத்துவரும் எழுதிக்கொண்டார், ஆனால் தான் கண்டதையும் சேர்த்து எழுதினார்: முன்பக்கமிருந்து கனமான பொருளால் விழுந்த நேரடி அடி, கூடவே தோளெலும்பில் இன்னொன்று.

முழங்காலைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ராணுவம் அவனை உடனே கைவிட்டுவிடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தேறட்டும் என்று மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அங்கே எல்லோரும் ஓடியாக வேண்டும். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் ஓடி முடிக்காதவன் சிப்பாய் இல்லை. ரூக்வுட்டைச் சுற்றி மூச்சு வாங்காமல் ஓடியவன், பாதித் தூரத்தில் கால் பூட்டிக்கொண்டு மண்ணில் விழுந்தான். அடுத்த முறை உதட்டைக் கடித்து, வாயில் ரத்தத்தோடு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான், நேரம் கடந்துவிட்டது. அதற்கடுத்த முறை கம்பி தோலுக்குள் திரும்பிக்கொண்டது. முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியது. அன்று படுக்கைக் கூடத்தில் ஒருவன், "என்னடா, உன் அப்பன் அடித்தானா?" என்று கேட்டான். வெறும் கேலிதான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. சிறிதரன் ஒற்றைக் காலில் எழுந்து நின்று அவன் தாடையைப் பெயர்த்துவிட்டான்.

2003 தொடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடற்தகுதித் தரத்தை எட்டவில்லை என்பது காரணம். அதோடு விட்டிருந்தால் ஆறியிருப்பான். கூடவே மறுசேர்ப்பு நிலை என்று ஒன்று போட்டிருந்தார்கள்: மீண்டும் சேர்க்கப் பரிந்துரை இல்லை. எங்கேயோ தெருச்சண்டையில் காலை உடைத்துக்கொண்டு, கூரை என்று புளுகி, முகாமிலும் அடிதடி செய்தவன் என்பது அவர்கள் முடிவு. கால் நாளைக்கே குணமானாலும் உள்ளே வர வழியில்லை.

"நொண்டி எண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை அன்ரி. பொய்யன் எண்டு சொல்லிப்போட்டாங்கள்," என்றான்.

இதெல்லாம் நடக்கும்போது ராஜரத்தினம் அண்ணா என்ன செய்தார் என்று கேட்டால், வேலைக்குப் போனார், வந்தார். தபால் பிரிக்கும் நிலையத்தில் அவருக்கு வேலை. மகன் மாடிப்படியே இல்லாத அந்த வீட்டில் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டார். வலிக்கிறதா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆள் தெரியாமல் அடித்தது தவறுதான், சரி, தெரிந்த பிறகாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அக்கா புட்டு கொடுத்தனுப்பும் பாத்திரத்தை எப்போதும் எதையாவது நிரப்பித்தான் திருப்பிக் கொடுப்பேன். அந்த வருடங்களில் வெறும் பாத்திரமாகக் கழுவி அனுப்பினேன். அண்ணாவுக்குப் புரிந்திருக்கும்.

சிறிதரன் இரவு விடுதி ஒன்றில் வாசற்காவல் வேலைக்குப் போனான். அடிவாங்குவதும் அடிப்பதும்தான் வேலை. இமை கிழிந்து வருவான், விலாவைப் பிடித்துக்கொண்டு வருவான். 2005-இல் ஒருநாள் காலையில் என் வீட்டுப் பின்கதவைத் தட்டினான். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். துவைக்கிற தொட்டியில் பிடித்துக் கழுவினேன். விரல் முட்டிகளில் தோலே இல்லை. ஒரு பல் துணுக்கு தசைக்குள் குத்தியிருந்தது, இடுக்கியால் எடுத்தேன். போத்தலோடு வந்த ஒரு குடிகாரனை அடித்ததாகச் சொன்னான்.

"போத்தலோட வந்தா அடிக்கத்தானே செய்யணும்," என்றேன்.

"முதல் அடியிலையே போத்தல் விழுந்திட்டுது அன்ரி. அவன் கையை உயத்திப்போட்டான். முகத்தை நல்லா வடிவாப் பாத்தனான். பிறகும் அடிச்சனான். அந்த ரெண்டாவது அடி ஏன் அடிச்சன் எண்டு..." வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இந்த வேலையை விடப்போறன். திருப்பி ஆமிக்குப் போகோணும். அங்கையெண்டால் எப்ப நிப்பாட்டோணும் எண்டு சொல்லித் தருவாங்கள்."

அந்த வாரமே வேலையை விட்டான். சேமித்த பணத்தில் முழங்காலில் மறுபடி அறுவை செய்து கம்பியை எடுத்தான். பிறகு ஓட ஆரம்பித்தான். தபால்பெட்டி வரை, முனைக்கடை வரை, அப்புறம் ரூக்வுட் மதில் வரை. ஓட ஓட, பணிவிலக்கலையும் மறுசேர்ப்பு நிலையையும் மாற்றச் சொல்லி மேல்முறையீடும் செய்தான். வழக்கறிஞர் பாஸ்கரை ஏற்பாடு செய்தவர் என் கணவர். பாஸ்கர் மலேசியத் தமிழர், ஈப்போவிலிருந்து மாணவராக வந்து இங்கேயே தங்கியவர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினார்.

"தம்பி, இந்தக் கூரை கதையோட உள்ள போனா அஞ்சு நிமிஷத்துல வெளியே அனுப்பிடுவாங்க. கால் யார் உடைச்சா? அதைச் சொல்லுங்க. வீட்டுல பட்ட காயம், பயந்து மறைச்சீங்கன்னு நான் வாதாடுவேன். ஜெயிக்கலாம்."

"ஏலாது."

"அப்ப எதுக்கு அப்பீல்?"

"எங்கடை அப்பாவை நான் காட்டிக்குடுக்க மாட்டன்."

காட்டிக்கொடுப்பது என்கிற சொல்லுக்கு அவர்கள் ஊரில் இருக்கும் கனம் எங்கள் ஊரில் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார். பாஸ்கர் கோப்பை மூடினார். நான் மட்டும் விடவில்லை.

"தெரியாம அடிச்சிட்டார்னு சொன்னா போலீஸ் என்னடா செய்யும்? தெரியாமத்தானே அடிச்சார்? அதைச் சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

விசாரணை 2006-இல், சிட்னி நகரத்துக்குள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. அக்காவை அழைத்துப்போகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கேட்டைத் திறந்துகொண்டு ராஜரத்தினம் அண்ணா வந்தார். பழைய சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் டை.

"கிரிஜா, நானும் வாறன்."

ஐந்து வருடங்களில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அறையில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண், இரண்டு பக்கமும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் மருத்துவர் ஒருவரும். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். சிறிதரன் அப்பாவைப் பார்த்ததும் பாஸ்கரின் காதில் ஏதோ சொன்னான். பாஸ்கர் தனக்குத் தெரியாது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

முதலில் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது எவ்வளவு நேரத்தில் ஓடுகிறான் என்று மருத்துவச் சான்றோடு காட்டினார்கள். தாடையைப் பெயர்த்ததைக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு அந்தப் பெண் மருத்துவமனைக் குறிப்பை எடுத்தார். கூரையில் இலை அள்ளியவர் ஏன் அணிவகுப்புக் கால்சட்டை அணிந்திருந்தார் என்று கேட்டார்.

"நான் கூரையிலிருந்துதான் விழுந்தேன்," என்று சிறிதரன் ஆங்கிலத்தில் சொன்னான். ராணுவ அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணா எழுந்து நின்றார். கொழும்பில் படித்த அழுத்தமான ஆங்கிலத்தில், அது பொய் என்றார். தான் இவனுடைய தகப்பன் என்றும், காலை உடைத்தது தானே என்றும் சொன்னார்.

"அப்பா, இருங்கோ! கதையாதேங்கோ!" என்று சிறிதரன் கத்தினான். அந்தப் பெண் கையைக் காட்டி அவனை அமர்த்தி, அண்ணாவை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரித்தார். அண்ணா 1983-ஐச் சொன்னார். கதவு, சீருடைக்காரன், தம்பி. அழவில்லை. தம்பியின் வாசனை மதிலுக்கு அப்பாலும் வந்தது என்று சொன்ன இடத்தில் மட்டும் தண்ணீர் கேட்டார். அன்று மாலை கதவு தட்டப்பட்டதையும், ஜன்னலில் சீருடையைப் பார்த்ததையும், இந்த முறை தானே முந்திக்கொள்வது என்று மட்டையை எடுத்ததையும் சொன்னார்.

ஆக, அது உங்கள் மகன் என்று உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே என்று அந்தப் பெண் இரக்கத்தோடு கேட்டார்.

"அவருக்குத் தெரியாது!" சிறிதரன் மேசையைக் குத்தினான். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னான். "இருட்டு. தொப்பி போட்டிருந்தனான். அவருக்குத் தெரியாது!"

அண்ணா மகனின் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"முதல் அடி ஆமிக்காரனுக்கு அடிச்சனான். தொப்பி விழுந்திட்டுது. ஹோல் லைற் உன்ரை முகத்திலை பட்டுது. நீ அப்பா எண்டு கூப்பிட்டனீ. கேட்டது எனக்கு. கேட்டுக்கொண்டுதான் ரெண்டாவது அடி அடிச்சனான். முழங்காலைப் பாத்து அடிச்சனான். கால் இல்லையெண்டால் நீ போகமாட்டாய். இந்த உடுப்போடை போய் எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டாய்."

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் பாஸ்கரைக் கேட்டார். பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அதன் பிறகே ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தார். சிறிதரன் மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதான். இந்த ஐந்து வருடமும் அவன் போலீசிடமிருந்து அப்பாவைக் காப்பாற்றவில்லை. இந்த வாக்கியத்தை அவர் வாயால் சொல்ல நேரக்கூடாது என்றுதான் பொய்யனாக இருந்திருக்கிறான். அவன் அன்றைக்கே அவர் கண்ணைப் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை, நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, பாரமட்டா ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றபோது அண்ணா முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"சேர்த்தாங்கள் எண்டால் போ. வரேக்கை சொல்லிப்போட்டு வா."

"ஓம் அப்பா," என்றது பின்சீட்டு.

சில வாரங்களில் முடிவு வந்தது. பணிவிலக்கலின் காரணம் வீட்டில் பட்ட காயம் என்று திருத்தப்பட்டது. பொய் சொன்னதற்காக ஒரு கண்டிப்பு. மறுசேர்ப்புக்குத் தடையில்லை. அவன்மேல் வழக்குப் போட யாரும் சொல்லவில்லை, அப்பாவின்மேலும் போடவில்லை, ஏனென்றால் புகார் கொடுக்கவேண்டியவன் கொடுக்க மறுத்துவிட்டான். 2007-இல் மறுபடி சேர்ந்தான். ஓட்டத்தில் தேறினான். முதலாவதாக வரவில்லை, தேறினான்.

அந்த வருடம் வசந்த காலத்தில் ஒரு சாயங்காலம், முன்தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் கேட்டது. அதே விறைப்பான சீருடை, அதே மடித்த தொப்பி. அவன் பக்கத்துக் கேட்டுக்குப் போகவில்லை. முன்கேட்டுக்கு வெளியே, நடைபாதையில் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். தெருவே கேட்கும்படி கூப்பிட்டான்.

"அப்பா! நான் சிறி! ஆமி உடுப்போடை நிக்கிறன்!"

எதிர் வீட்டு நாய் குரைத்தது. உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் அப்படியே நின்றான். போய்விடுடா, பின்பக்கமாகப் போய்விடு என்று கத்தலாமா என்று நினைத்தபோது தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

முன்கதவு திறந்தது. அண்ணா நின்றார். கையில் மட்டை இருந்தது. சிறிதரன் கேட்டைத் திறந்து நடந்தான். ஒவ்வொரு படியாக ஏறினான். அண்ணா மட்டையைத் தூக்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அதைத் திருப்பி, கைப்பிடியை மகனுக்கு நீட்டினார்.

"இதை முதல் வாங்கு. என்ரை கையிலை இருந்தால் அடிச்சுப்போடுவன்."

அவன் வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தான். அண்ணா அவனுடைய பித்தான்களைப் பார்த்தார், இடுப்புப் பட்டியைப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். கண் அங்கேயே நின்றுவிட்டது.

"பின்னாலை ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அப்பா."

"ஆரோ நிக்கினம்."

சிறிதரன் திரும்பிப் பார்த்தான். நான் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவர்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டி, அவர் பார்வைக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றேன்.

"நான்தான் அண்ணா. கிரிஜா."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். என் பின்னால் வெறும் தெருதான் இருந்தது. அதையும் பார்த்து முடித்தார்.

"அப்ப ரெண்டு பேரும் உள்ளை வாங்கோ," என்று சொல்லி, கதவை அகலத் திறந்து, ஓர் அடி விலகி நின்றார்.